கற்க வரும் விருந்தினரும் கற்பிக்கும் தீவுகளும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் அமைதியடையும் மார்கழி, தை மாதங்களில் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு விருந்தினர் வருகை மிகுகின்றது. அவர்களுள் பெரும்பாலோர் செல்லுலார் சிறையையும் ராதாநகர்க் கடற்கரையையும் கண்டு, நான்கைந்து நாள்களில் ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணிகள். அவர்களோடு சிறு தொகையினரான வேறு சிலரும் வந்து இறங்குகின்றனர். பவளப் பாறைகளையும் கடலாமைகளையும் மழைக்காட்டுப் பறவைகளையும் பற்றிக் கற்க வருவோர், ஆழ்கடல் மூழ்குதலில் பயிற்சி பெற வருவோர், பல்கலைக்கழக ஆய்வுக்காகச் சில திங்கள் தங்குவோர் ஆகியோர் இவர்கள். இந்திய மாணவர்களோடு அயல்நாட்டு இளைஞர்களும் இவர்களுள் உண்டு.

சுற்றுலாப் பயணிக்கு ஒரு நல்ல அறையும் உணவும் போதும். மூன்று திங்கள் தங்கிக் கற்க வருபவருக்கு அவை மட்டும் போதா. தாம் வந்திருக்கும் இடம் எத்தகையது, யாருடையது, இங்கு எவை செய்யத்தக்கன, எவை தகாதன என்பனவற்றை அவர் அறிய வேண்டும். அவற்றை அறிவிக்கும் பொறுப்பு வரவேற்போரைச் சார்ந்தது. நம் வாடிக்கையாளர்களுள் தீவுகளில் விடுதி நடத்துவோர், படகு உரிமையாளர்கள், கல்வி நிறுவனத்தார் எனப் பலர் இருக்கின்றனர். தம் பிள்ளைகளைப் பயிற்சிக்காக அயல்நாடுகளுக்கு அனுப்பும் பெற்றோரும் இருக்கின்றனர். இரு சாராருக்கும் இத்தீவுகளின் அனுபவம் பயன்படும் என்னும் எண்ணத்தில் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

சாதுவனைக் காத்த மொழி

‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் ‘புதுமை’ என்பது பொருள். முன்பின் அறியாத புதியவரே விருந்தினர். இப்பொருளில் பார்த்தால், புதிய நிலத்தில் ஒருவர் எவ்வாறு விருந்தினர் ஆகின்றார் என்பதைச் சொல்லும் பழைய கதை ஒன்று நம்மிடமே உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் சாதுவன் கதை அது.

ஆதிரையின் கணவனாகிய சாதுவன் பொருள் இழந்து, பொருள் தேடக் கப்பலேறுகின்றான். கப்பல் உடைந்துவிட, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்குகின்றான். அங்கு வாழ்வோர் ஆடையற்றவர்கள். மனிதரைக் கொன்று உண்பவர்கள். களைத்து உறங்கிய சாதுவனை அவர்கள் சூழ்ந்து எழுப்புகின்றனர். எழுந்தவன் அவர்களுடைய மொழியிலேயே பேசுகின்றான். அந்த ஒன்றே அவன் உயிரைக் காக்கின்றது. கொல்ல வந்தவர்கள் அவனைத் தங்கள் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். தலைவன் அவனை உபசரிக்கின்றான். இருவரும் அறம் குறித்து உரையாடுகின்றனர். இறுதியில் பரிசுப் பொருள்களுடன் அவன் நாடு திரும்புகின்றான்.

காப்பியம் சொல்லும் அம்மலை எது என்பது குறித்து அறிஞரிடையே பல கருத்துகள் உண்டு. நிக்கோபார்த் தீவுகளே அவை என்று கருதுவோரும் உளர். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி இத்தீவுகளை ‘மாநக்கவாரம்’ என்று குறிப்பதை வரலாற்று மாணவர் அறிவர். இடம் எதுவாயினும், கதை சொல்லும் செய்தி இன்றைய பயிற்சி மாணவருக்கும் பொருந்தும். பொருளும் படையும் இழந்து நின்றவனுக்கு, வந்த இடத்து மொழியை அறிந்திருந்தமையே துணை ஆயிற்று.

ஒரே தீவில் பல ஊர்களின் மக்கள்

இன்று தீவுகளுக்கு வருபவர் எம்மொழியைக் கற்பது என்பது எளிய வினா அன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 3.8 இலட்சம் பேர். அவர்களுள் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 28 பேருக்கு மேல்; இந்தி பேசுவோர் 19 பேர்; தமிழர் 15 பேர்; தெலுங்கர் 13 பேர். நிக்கோபாரி, மலையாளம் ஆகிய மொழிகளைப் பேசுவோர் அடுத்து வருகின்றனர். கடைத்தெருவிலும் படகுத்துறையிலும் இவர்கள் அனைவரையும் இணைப்பது, தீவுகளுக்கே உரிய ஓசையுடன் பேசப்படும் இந்தி.

இம்மக்கள் ஒவ்வொருவரும் இங்கு வந்த வரலாறு வெவ்வேறு. 1858இல் ஆங்கிலேயர் தொடங்கிய தண்டனைக் குடியிருப்பில் கைதிகளாக வந்தோரின் வழித்தோன்றல்கள் ஒரு சாரார். 1921 கிளர்ச்சிக்குப் பின் அனுப்பப்பட்ட மலபார் மாப்பிள்ளைமாரின் குடும்பங்கள் மற்றொரு சாரார். 1925இல் பர்மாவிலிருந்து அழைத்துவரப்பட்ட கரென் மக்கள் நடு அந்தமானின் மாயாபந்தருக்கு அருகே வெபி என்னும் ஊரை உருவாக்கினர். நாட்டுப் பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்தில் வீடிழந்தோர் இங்கு நிலம் பெற்றுக் குடியேறினர். சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தோரைத் தீவினர் ‘ராஞ்சிகள்’ என்றே அழைக்கின்றனர்.

தமிழர் கதையும் அத்தகையதே. வணிகத்துக்கும் கட்டுமானப் பணிக்கும் வந்தோர் பலர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களுள் சில, நிக்கோபார்த் தொகுதியைச் சேர்ந்த கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தலைநகரிலுள்ள வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று காவடி எடுப்போரைக் காணும் அயல்நாட்டு மாணவர், தாம் தமிழ்நாட்டில் இருப்பதாகவே எண்ணக்கூடும். அதே மாணவர் மறுநாள் வங்காளியர் குடியிருப்பு ஒன்றில் மீன்குழம்பும், அதற்கு மறுநாள் கரென் குடும்பத்தில் மூங்கிற்குருத்துக் கறியும் உண்ண நேரலாம்.

ஆகவே ‘உள்ளூர்ப் பண்பாடு’ என்று ஒருமையில் சொல்லிப் புதியவரை வரவேற்க இங்கு இயலாது. அவர் தங்கும் ஊர் யாருடையது, அம்மக்கள் எப்போது வந்தனர், அவர்களுக்கு முன் அந்நிலத்தில் யார் வாழ்ந்தனர் என்னும் மூன்றையும் சொல்வதே முறையான தொடக்கம். மூன்றாவது வினாவுக்கான விடை கடினமானது. அதற்குப் பின்னர் வருவோம்.

வண்டூரில் ஒரு களநிலையம்

புதியவர்களை வரவேற்றுப் பழக்கும் பணியில் நெடிய அனுபவம் பெற்ற இடம் ஒன்றைத் தெற்கு அந்தமானின் வண்டூரில் காணலாம். 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் வாயிலில் அமைந்த ஊர் அது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் முதலைப் பண்ணை நடத்திவரும் சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை, 1990ஆம் ஆண்டை ஒட்டி இங்கு ஒரு களநிலையத்தை நிறுவியது. அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழு என்பது அதன் பெயர். ‘ஏனெட்’ என்று சுருக்கமாக வழங்குவர். பின்னர் தக்ஷிண் அறக்கட்டளையும் அதன் பணிகளில் இணைந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் ஆய்வாளரும் மாணவரும் தன்னார்வலரும் இங்கு தங்கிக் களப்பணி கற்கின்றனர்.

இந்நிலையத்தின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது, அங்கு ஆசிரியர் யார் என்பதாகும். ஆய்வுத் தலைப்பை வகுப்பவர் பட்டம் பெற்ற அறிவியலாளராக இருக்கலாம். ஆனால் அலைமேல் சிறுபடகைச் செலுத்தவும், சதுப்புநில ஓடையில் உப்புநீர் முதலை கிடக்கும் இடத்தை அறியவும், மழைக்காட்டில் கூடாரத்துக்குத் தக்க இடம் தேரவும் கற்றுத்தருவோர் கரென் களப்பணியாளர்கள். காட்டையும் கடலையும் ஒருசேர அறிந்தவர்கள் அவர்கள். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மாணவர், தம்மினும் குறைவாகப் பள்ளி சென்ற ஒருவரிடம் மாணவராக அமர வேண்டியிருக்கின்றது. பயிற்சியின் முதல் பாடமே இதுதான் எனலாம்.

இத்தகைய அறிவு எவ்வாறு சேர்ந்தது என்பதற்குச் சதீஷ் பாஸ்கரின் வாழ்வு சான்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்று, பட்டத்துக்குக் காத்திராமல் வெளியேறிய அவர், 1970களின் பிற்பகுதியில் தொடங்கி இத்தீவுகளின் கடற்கரைகளைக் கால்நடையாகவே அளந்து ஆமைகள் முட்டையிடும் இடங்களைப் பதிவு செய்தார். ஆளில்லாத சவுத் ரீஃப் சிறுதீவில் தனியே முகாமிட்டு அழுங்காமைகளை ஆராய்ந்தார். பின்வந்தோரின் ஆய்வுகள் பலவற்றுக்கும் அவர் எழுதிய அறிக்கைகளே அடித்தளம்.

2004 ஆழிப்பேரலையில் பெரிய நிக்கோபாரின் கலத்தியா கடற்கரை சிதைந்தபோது, உலகின் மிகப்பெரிய கடலாமையாகிய தோல்முதுகு ஆமைகளின் நிலை குறித்துக் கவலை எழுந்தது. முதுகில் ஏழு வரிகள் ஓடுவதால் இதனை ஏழுவரி ஆமை என்றும் சொல்வர். 2008 முதல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தாரும் தக்ஷிண் அறக்கட்டளையினரும் ஏனெட் குழுவினரும் சிறிய அந்தமானில் இவ்வாமைகளைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகின்றனர். அங்கு முகாமில் சேரும் இளைஞர், இரவு முழுதும் மணலில் நடந்து, முட்டையிட வரும் ஆமையை அளந்து, அடையாளமிட்டு, விடியலில் திரும்ப வேண்டும். முகாமில் மின்விசிறியும் இல்லை. கைப்பேசித் தொடர்பும் அரிது. செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட ஆமைகளுள் சில ஆஸ்திரேலியா நோக்கியும், சில ஆப்பிரிக்கா நோக்கியும் சென்றன. ஓர் ஆமை 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி மொசாம்பிக் அருகே சென்றடைந்தது. ஒரு கரையில் பிறந்த அறிவு பல நாட்டவருக்கும் உரியதாகும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டா. அயல்நாட்டு மாணவர் இங்கு வருவதன் பயனும் இதுவே.

செல்லக் கூடாத கரைகள்

நாம் முன்னர் ஒத்திவைத்த வினாவுக்கு இப்போது வருவோம். குடியேறியோருக்கு முன் இந்நிலத்தில் வாழ்ந்தோர் பெரிய அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலியர், நிக்கோபாரியர், ஷோம்பேன் ஆகிய தொல்குடியினர். அவர்களுள் பெரிய அந்தமானியருக்கு நேர்ந்தது, வெளியார் வருகை என்ன செய்யும் என்பதற்கான எச்சரிக்கை.

1858இல் ஆங்கிலேயர் வந்தபோது இம்மக்கள் சில ஆயிரவர் இருந்தனர். 1863இல் பாதிரியார் ஹென்றி கார்பின் அவர்களுக்காக ‘அந்தமான் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். நாகரிகம் கற்பிப்பதே நோக்கம் என்றனர். ஒரே கூரையின்கீழ்க் கூட்டி வைக்கப்பட்டோரிடம் நோய்கள் பரவின. 1877இல் பரவிய தட்டம்மை பலரைக் கொன்றது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தோர் 19 பேர். பத்துக் குழுக்களாக, பல மொழிகள் பேசி வாழ்ந்த ஓர் இனத்தின் எஞ்சிய தொகை அது. 2010 சனவரியில் போவா என்னும் மூதாட்டி மறைந்தபோது, ‘போ’ மொழியைப் பேசிய கடைசிக் குரலும் மறைந்தது. அம்மூதாட்டியிடம் அமர்ந்து சொற்களைக் கேட்டெழுதிய மொழியியலாளர் அன்விதா அப்பி, பெரிய அந்தமானிய மொழிக்கு இலக்கணமும் அகராதியும் ஆக்கியளித்தார். கற்பிக்க வந்தோர் அழித்ததையும், கற்க வந்தவர் காத்ததையும் இவ்விரு நிகழ்ச்சிகளில் காண்கின்றோம்.

இந்த வரலாற்றின் விளைவே 1956ஆம் ஆண்டின் தொல்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை. தொல்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளில் உரிய அனுமதியின்றி எவரும், இந்தியராயினும் அயல்நாட்டவராயினும், நுழையலாகாது. 2012இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஜாரவா காப்புப்பகுதியை ஊடறுத்துச் செல்லும் அந்தமான் பெருஞ்சாலையில் வாகனங்கள் காவலருடன் அணியாகவே செல்ல வேண்டும். இடையில் நிற்றலும், படம் எடுத்தலும், உணவு கொடுத்தலும் குற்றம். பேருந்தில் அமர்ந்திருக்கும் பயிற்சி மாணவர் கைப்பேசியைப் பைக்குள் வைத்திருத்தலே நன்று. இதனை ஏறுமுன் சொல்ல வேண்டும். கண்டபின் சொல்வதால் பயனில்லை.

2018இல் பல தீவுகளுக்கு அயல்நாட்டவர் செல்லத் தேவைப்பட்ட தடைப்பகுதி அனுமதிச் சீட்டு தளர்த்தப்பட்டது. அப்பட்டியலில் வட சென்டினல் தீவின் பெயரும் இருந்தது. ஆயினும் 1956 ஒழுங்குமுறையின் தடை சிறிதும் அகலவில்லை. அவ்வாண்டு நவம்பரில் 26 வயது அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ், மீனவர் சிலருக்குப் பணம் கொடுத்து, மதப் பணி செய்யும் நோக்குடன் அத்தீவில் இறங்கி, அம்மக்களால் கொல்லப்பட்டார். அவரை அழைத்துச் சென்ற மீனவர்கள் கைதாயினர். 2025 மார்ச்சில் மற்றோர் அமெரிக்கர் அக்கரையில் இறங்கித் தேங்காயையும் குளிர்பானக் குப்பியையும் வைத்துவிட்டு வந்து கைதானார்.

இவற்றில் அயல்நாட்டவரின் துணிவை மட்டும் பேசுவது முழு உண்மை ஆகாது. அவருடைய சளியும் காய்ச்சலும் அத்தீவின் மக்கள் அனைவரையும் அழிக்கக்கூடும் என்பது முதற்செய்தி. அவருக்குப் படகு கொடுத்த உள்ளூர்க் குடும்பம் வழக்கில் சிக்கும் என்பது இரண்டாவது. 1991இல் மானிடவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மதுமாலா சட்டோபாத்யாய் உள்ளிட்ட குழுவினர் சென்டினலியருக்குத் தேங்காய்களை நீரில் மிதக்கவிட்டு அளித்தபோது அவர்கள் நேரில் வந்து பெற்றனர். அக்குழுவினரும் கரையில் தங்கவில்லை. சில ஆண்டுகளில் அப்பயணங்களையே அரசு நிறுத்திவிட்டது. அம்மக்கள் விரும்பும் தனிமையைத் தொலைவிலிருந்து காப்பதே இன்றைய கொள்கை. விருந்தினரை வரவேற்பதைப் போலவே, வரவேற்க விரும்பாதவரின் விருப்பத்தை மதிப்பதும் இத்தீவுகளின் பண்பாடு என்று புதியவருக்குச் சொல்வோம்.

உதவியால் நேர்ந்த இழப்பு

நல்லெண்ணத்துடன் வருவோரும் தீங்கு செய்ய நேரும் என்பதற்கு நிக்கோபாரின் அண்மை வரலாறு சான்று. பணம் பற்றியதாகையால் நம் வாசகர் இதனைச் சிறப்பாகக் கருதுதல் தகும்.

நிக்கோபாரியரின் வாழ்வு நெடுங்காலம் தென்னையைச் சார்ந்திருந்தது. தேங்காயே அவர்களுடைய நாணயம்; இணை இணையாக எண்ணி, அதைக் கொண்டே படகும் துணியும் இரும்பும் பெற்றனர். நிலமும் தென்னந்தோப்பும் பன்றிகளும் ‘துஹேத்’ எனப்படும் கூட்டுக்குடும்பத்துக்குப் பொது. முதியோரும் கைம்பெண்டிரும் குழந்தைகளும் அதன் நிழலில் குறையின்றி வாழ்ந்தனர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவுகளைத் தாக்கியது. தாழ்ந்த கரைகளில் இருந்த ஊர்கள் அழிந்தன. அரசும் தொண்டு நிறுவனங்களும் விரைந்து வந்து உயிர் காத்தன. அதனை மறுப்பார் இல்லை. ஆனால் அடுத்து வந்த உதவி, பெறுவோரைக் கேளாமலே வந்தது. வெப்பத் தீவுக்குக் கம்பளிப் போர்வைகள் வந்தன. ஓலைக்கூரைக் குடில்களில் காற்றோட்டமாக வாழ்ந்தோர் தகரக் கொட்டகைகளில் தங்க நேர்ந்தது. எல்லாவற்றினும் பெரிதாக, இழப்பீட்டுத் தொகை தனித்தனிச் சிறு குடும்பத் தலைவர் பெயரில் வழங்கப்பட்டது. துஹேத்தின் பொதுச்சொத்து தனியார் பணமாயிற்று. பங்கு குறித்த பிணக்குகள் எழுந்தன. முன்பு குறைவாகவே பணத்தைக் கையாண்டோர் பெருந்தொகையை விரைவில் செலவிட்டுத் தீர்த்தனர். வியன்னாவிலிருந்து நிக்கோபாரை ஆண்டுகள் பல ஆராய்ந்த சிம்ரன் ஜித் சிங் போன்றோர் இதனை விரிவாகப் பதிவு செய்துள்ளனர்.

வங்கித்துறையினராகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. கணக்குத் தொடங்குவதற்கு முன், அந்தக் குடும்பம் பணத்தை எவ்வாறு பகிர்கின்றது என்று கேட்டறிவது பண்பாட்டு அறிவு மட்டுமன்று. நல்ல நிதிப் பணியும் அதுவே. மூன்று திங்களில் ஓர் ஊரை முன்னேற்றிவிடலாம் என்று எண்ணி வரும் இளைஞருக்கு, துஹேத்தின் கதையை முதல் வாரத்திலேயே சொல்வது அவருக்கும் ஊருக்கும் நலம்.

புளோரிடாவில் நம்மவர்

வரவேற்பு முறையாக அமைந்தால் என்ன நிகழும் என்பதற்கு எதிர்த்திசையில் சென்ற பயணம் ஒன்றைக் குறிப்பிடலாம். முதலைப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர் அமெரிக்காவில் பிறந்தவர். இளம் வயதிலேயே இந்தியா வந்து, செங்கல்பட்டுப் பகுதி இருளரிடம் பாம்புகளைப் பற்றிக் கற்றவர். 2017இல் அவ்விருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்குள்ள சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பதே பணி. இரண்டு வாரங்களுக்குள் அவர்கள் 13 பாம்புகளைப் பிடித்தனர்.

மொழி அறியாத நாட்டில் இவ்வாறு செயல்பட முடிந்தமைக்கு அவர்தம் திறனே முதற்காரணம். மொழிபெயர்ப்பாளர் உடன் இருந்ததும், அங்குள்ள அறிவியலாளர் அவர்களை வல்லுநராக மதித்துப் பின்தொடர்ந்ததும் துணைக்காரணங்கள். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கியது. வண்டூரில் கரென் படகோட்டியிடம் அயல்நாட்டு மாணவர் கற்பதும், புளோரிடாவில் இருளரிடம் அமெரிக்க அறிவியலாளர் கற்பதும் ஒரே முறையைச் சேர்ந்தவை.

விருந்தோம்புவோர் கருத்தில் கொள்ள வேண்டியன

அயல்நாட்டு மாணவரை ஏற்கும் நிறுவனத்தார்க்கும் குடும்பத்தார்க்கும் சில நடைமுறைக் குறிப்புகளைத் தொகுத்துத் தருகின்றோம்.

விசாவே முதலாவது. பயிற்சிக்கு வருபவர் அதற்கென உரிய விசாவுடன் வர வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பயிற்சியில் சேர்தல் விதிமீறல். 180 நாள்களுக்கு மேற்பட்ட விசா உடையோர் வந்த 14 நாள்களுக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். காட்டிலும் கடற்பூங்காவிலும் ஆய்வு செய்ய வனத்துறையின் தனி அனுமதி தேவை. அது கிடைக்கக் காலம் ஆகும் என்பதால், பயணச்சீட்டு வாங்குமுன்பே விண்ணப்பித்தல் நன்று. செயற்கைக்கோள் தொலைபேசியும் ஆளில்லா வானூர்தியும் அனுமதியின்றிக் கொண்டு வரலாகாது.

இரண்டாவது காலமும் கடலும். தீவுகள் கிழக்கே மிகத் தள்ளி இருப்பினும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே இருட்டத் தொடங்கும். பணி நேரத்தை அதற்கேற்ப வகுக்க வேண்டும். காற்று மிகுந்தால் கப்பல் புறப்படாது. எனவே நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் வெளித்தீவில் இருத்தல் கூடாது. உப்புநீர் முதலை குறித்த எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. கரையில் கிடக்கும் பவளத்துண்டையும் நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லலாகாது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களைக் காக்கின்றது.

மூன்றாவது பெயர்கள். தலைநகர் போர்ட் பிளேயர் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்குகின்றது. ஹேவ்லாக் 2018 முதல் சுவராஜ் தீவு. நீல் என்பது சகீத் தீவு. பழைய பெயர்களே மக்கள் நாவில் இன்னும் பயில்வதால், இரண்டையும் புதியவருக்கு எழுதிக் கொடுத்தல் உதவும்.

நான்காவது பணம். இந்தியாவுக்குக் குறுகிய காலம் வரும் அயல்நாட்டவர், தம் நாட்டிலிருந்து வங்கி வழியாகப் பெறும் தொகையைக் கொண்டு ‘என்.ஆர்.ஓ.’ எனப்படும் சாதாரணக் கணக்கைத் தொடங்கலாம். கணக்கு ஆறு திங்களுக்கு மேற்படாமலும், வட்டி தவிர இந்தியாவில் பெற்ற பிற தொகைகள் அதில் வரவு வைக்கப்படாமலும் இருந்தால், எஞ்சிய தொகையை நாடு திரும்பும்போது எளிதில் எடுத்துச் செல்லலாம். எனவே உதவித்தொகை வழங்கும் நிறுவனத்தார், எவ்வழியில் வழங்குவது என்பதை முன்பே கிளை மேலாளரிடம் கலந்து முடிவு செய்தல் வேண்டும். சில நாட்டவருக்கு ரிசர்வ் வங்கியின் தனி ஒப்புதல் தேவைப்படும். மிகக் குறுகிய காலம் தங்குவோர், அயல்நாட்டுப் பயணிகளுக்கென உள்ள ‘யூ.பி.ஐ. ஒன் வேர்ல்டு’ பணப்பையைப் பெற்றுக் கடைகளில் செலுத்தலாம்.

2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற சென்னை–அந்தமான் கடலடிக் கம்பிவடம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீண்டு, தலைநகரோடு சுவராஜ் தீவு, சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலிய இடங்களையும் இணைக்கின்றது. இதனால் மின்னணுப் பணப்பரிமாற்றம் முன்னினும் எளிதாயிற்று. ஆயினும் வெளித்தீவுகளுக்கும் களமுகாம்களுக்கும் செல்வோர் போதிய ரொக்கத்தைத் தலைநகரிலேயே எடுத்துக்கொண்டு புறப்படுதல் பாதுகாப்பானது.

ஐந்தாவது மொழி. வருபவர் இருபது இந்திச் சொற்களையேனும் முதல் வாரத்தில் கற்கட்டும். தங்கும் வீட்டாரின் தாய்மொழியில் நன்றி சொல்லவும் நீர் கேட்கவும் முதியோரை முறையாக விளிக்கவும் கற்கட்டும். தமிழ்க் குடும்பத்தில் தங்குவோர் ‘அக்கா’, ‘அண்ணா’, ‘ஐயா’, ‘அம்மா’ என்னும் நான்கு விளிகளை அறிந்தால் பாதி வாயில்கள் திறந்துவிடும். பிழையாகப் பேசினும் நகைக்காமல் திருத்திச் சொல்லுதல் வீட்டார் கடமை.

பயிற்சி முடிந்து செல்வோர் தாம் திரட்டிய தரவுகளின் ஒரு படியையும், எளிய மொழியில் எழுதிய சுருக்கத்தையும் களநிலையத்துக்கும் ஊராருக்கும் அளித்துச் செல்லுமாறு தொடக்கத்திலேயே உடன்பாடு செய்துகொள்ளுங்கள். கற்றவர் கற்பித்தவர்க்குச் செலுத்த வேண்டிய கடன் அது. வாடிக்கையாளர் எவரேனும் இவ்வாண்டு அயல்நாட்டு மாணவரை வரவேற்க இருப்பின், அவர் வந்திறங்கும் நாளுக்கு முன்பே அருகிலுள்ள நம் கிளைக்கு வந்து, தேவையான ஆவணங்கள் குறித்துக் கேட்டறியுமாறு அன்புடன் அழைக்கின்றோம்.